பாரமும் பாவமும்

ஓர் உயிரின் மேல் ஏற்றும் பாரம் எந்த இடத்தில் பாவமாகிறது என்ற கேள்வியைச் சமண அறநூல்கள் இரண்டு வழிகளில் அணுகுகின்றன. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்துக்கு நேரும் ஐந்து வழுக்களுள், கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், உணவும் நீரும் மறுத்தல் ஆகியவற்றோடு அளவுக்கு மிஞ்சிச் சுமையேற்றுவதையும் சேர்த்து, அதை அதிபாராரோபணம் என்கிறது. அதே நூல் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது, பிரமாதத்தால், அதாவது விழிப்பற்ற செயலால், உயிருக்கு விளையும் கேடு என்கிறது. எண்ணமே வினை என்று கொண்ட பௌத்தம் வேறு பக்கம் நின்றது. மனத்தின் செயல் பெரிதா, உடலின் செயல் பெரிதா என்று நாலந்தாவில் புத்தருக்கும் சமண இல்லறத்தாரான உபாலிக்கும் நடந்த வாதத்தைப் பாலி நூல்கள் பதிந்துள்ளன.

மாட்டு வண்டியில் சுமையேற்றுவதைப் பொறுத்தவரை, எண்ணத்தோடு நில்லாமல் செயலையும் பார்க்கும் சமணர் பக்கமே நியாயம் கூடுதல். மலேசியாவின் கம்போங் குவாந்தானை வெளியார் மின்மினிகளுக்காகவே அறிவர் என்றாலும், அதைச் சூழ்ந்த வட சிலாங்கூர்த் தோட்டங்களில் மாட்டு வண்டி ஓட்டிய தமிழருக்கு இந்தத் தத்துவம் கைப்பழக்கமாகவே தெரிந்திருக்கும். இரட்டைச் சக்கர வண்டியில் அச்சுக்கு முன்னால் சுமை கூடினால் அது முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தித் தோலை உரித்துவிடும். அச்சுக்குப் பின்னால் கூடினால் பின்பாரம். நுகம் மேலே எழும்ப, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மூட்டைகளின் மொத்த எடை ஒன்றே, வண்டிக்காரர் மனத்தில் கொடுமையும் இல்லை, ஆயினும் ஒரு மூட்டையை ஒரு முழம் தள்ளி வைத்ததில் மாடு துன்புறுகிறது.

மாடு போய் டிராக்டர் வந்த காலத்தில், இழுத்த விலங்கே சுமையாகிவிட்டது. குதிரையை டிரெய்லரில் ஏற்றிச் செல்வோர் பயன்படுத்தும் பாரம் பகிரும் ஹிட்ச் என்பது, இணைப்பிலிருந்து டிரெய்லரின் சட்டம் வரை இழுத்துக் கட்டப்படும் எஃகு வில் தண்டுகளால், இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்களில் குவியும் எடையின் ஒரு பகுதியை முன்சக்கரங்களுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் மாற்றும் அமைப்பாகும். அதனால் முன்சக்கரங்கள் பிடிமானம் இழப்பதில்லை. தண்டுகளை மிகையாக இறுக்கினால் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். டிரெய்லரின் மொத்த எடையில் பொதுவாக 10 முதல் 15 விழுக்காடு வரை இணைப்பின் மேல் விழ வேண்டும் என்பதும், இரண்டு குதிரைக்கான டிரெய்லரில் ஒன்று மட்டும் செல்லும்போது, இடப்பக்கம் ஓட்டும் மலேசியாவில் அதை வலப்பக்கம், அதாவது சாலையின் மேடான நடுப்பக்கம், நிறுத்துவது நல்லது என்பதும் பழைய வண்டிக்காரரின் கணக்குகளே.

நல்ல ஹிட்ச் வாங்கிவிட்டதால் கடமை முடிந்தது என்று எண்ணுவதும் பிரமாதத்தின் ஒரு வகையே. இழுக்கும் வண்டிக்குத் தயாரிப்பாளர் விதித்த எடை வரம்பை எந்த ஹிட்ச்சும் உயர்த்துவதில்லை. ஆகவே ஹிட்ச்சைத் தேடிக் கடைக்குச் செல்வோர், செம்பனைக் குலை ஏற்றிய லோரியை ஆலை வாசலில் நிறுப்பதைப் போல, முதலில் குதிரையோடு சேர்த்து டிரெய்லரை எடைமேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.