வழி விடுவது தருமமா, நீதியா?



நடைபாதையில் வண்டியை நிறுத்துவது பாவமா என்று கேட்டால் பலர் நகைப்பார்கள். ஆயினும் கேட்கவேண்டிய கேள்விதான்.

நமது ஓசூர், லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்து அனுப்பும் ஊர். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குப் போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊருக்குள் புகுந்து செல்கிறது. 2019-ல் ஊர் மாநகராட்சியாயிற்று. ஆனால் ஷிப்டு முடிந்து நடந்தும் சைக்கிளிலும் வீடு திரும்பும் தொழிலாளி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகிறார். நடைபாதையைச் சாமானும் வண்டியும் அடைத்துக்கொண்டால், கைக்குழந்தையோடு வரும் தாய் சாலையில் இறங்குகிறாள். சக்கர நாற்காலியில் வருபவரோ இறங்கவும் முடியாது. அவர் பூசைக்கு வராவிட்டால், பக்தி குறைந்தது என்று நாம் தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்!

கப்பர்நாகும் ஊரில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சேசுநாதரிடம் சுமந்துவந்ததை மாற்கு சுவிசேஷம் 2-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வாசலை அடைத்து நின்றவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆண்டவரின் போதனையைக் கேட்க வந்தவர்களே. ஆனாலும் நோயாளிக்கு வழியில்லாமல் கூரையைப் பிரிக்க வேண்டியதாயிற்று. கெட்ட எண்ணம் இல்லாமலே பிறனுடைய வழியை அடைத்துவிடலாம் என்பது இதனால் விளங்கும்.

வழி விடுவதைத் தருமம் என்று நினைக்கிறோம். தருமமென்பது நம்முடையதைக் கொடுப்பது. நடைபாதையோ நம்முடையதன்று. பிறனுக்குரியதை அவனுக்கே விடுவது நீதி. 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும், நல்ல நடைபாதை பெறுவது அரசியல் சட்டத்தின் 21-ம் ஷரத்து காக்கும் உரிமையில் அடங்கும் என்றும், அது ஊனமுற்றோருக்கும் ஏற்றதாயிருக்க வேண்டும் என்றும் கூறியது.

"ஏழை வியாபாரி பிழைக்க வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும். அவர்களுக்கென்று இடம் ஒதுக்கவே 2014-ல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. சென்னைப் பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கினார்கள்; கடைவீதி அழிந்துவிடவில்லை.

அரசாங்கம் செய்யவேண்டியதை நாம் கேட்போம். நம் கடமையையும் மறவாதிருப்போம். நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது இருக்கவேண்டுமென்பது இந்தியச் சாலைப் பேராயத்தின் விதி. குறுக்கே நிறுத்திய ஒரே ஸ்கூட்டர் ஏறக்குறைய அவ்வளவையும் விழுங்கிவிடும்.

ஆகையால் பாவசங்கீர்த்தனத்துக்குமுன் ஆத்தும சோதனை செய்கையில், நம் வண்டி யார் வழியில் நின்றது என்பதையும் கேட்டுக்கொள்வோம். வருகிற ஞாயிறன்று கோவில் வாசலையும் சாய்தளத்தையும் அடைக்காமல் வண்டிகளைத் தள்ளி நிறுத்துவோம். நடந்து வரும் முதியோருக்கு அந்தச் சில அடிகள் பெரிய உதவி.