பேசுவதெல்லாம் உணருமா?



மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையைக் காண்போர் பெரும்பாலும் யானைகளை வியந்துவிட்டுப் போய்விடுவார்கள். யானையின் பக்கத்தில் ஒரு பூனை நிற்கிறது. மேலே எலும்பும் தோலுமாய்த் தவம் செய்பவரைப் போலவே அதுவும் கைகளை உயர்த்தி நிற்கிறது, அருகில் எலிகள். தவக்கோலம் வேறு, தவம் வேறு என்பதைப் பல்லவர் காலத்துச் சிற்பி சிரிப்போடு காட்டிவிட்டார்.

அதே செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியில் கணினி நிறுவனங்கள் நிறைந்திருக்கின்றன. அத்தகைய இடங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சொல்கிறார்கள். கேட்டால் பதில் தருகிறதாம், துக்கத்தைச் சொன்னால் ஆறுதலும் கூறுகிறதாம். அப்படியானால் அதற்குள் உணர்வு உண்டா?

1950-இல் ஆலன் டூரிங், இயந்திரத்தின் பேச்சை மனிதப் பேச்சிலிருந்து பிரித்தறிய முடிகிறதா என்பதையே சோதனையாக வைத்தார். 1980-இல் ஜான் சேர்ல் அதை மறுத்தார். சீனம் அறியாத ஒருவர் அறைக்குள் இருந்து, விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீன எழுத்துகளை அடுக்கித் தந்தால், வெளியே உள்ளவர்கள் அவரைச் சீனம் கற்றவர் என்றே நம்புவர்; அவருக்கோ ஒரு சொல்லும் விளங்காது. 2022-இல் கூகுள் பொறியாளர் பிளேக் லெமாய்ன், லாம்டா என்னும் உரையாடல் இயந்திரத்துக்கு உணர்வு உண்டு என்றார். நிறுவனம் மறுத்தது.

பதியிலும் நிழல் தாங்கலிலும் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. அதன் முன் நிற்கும் அன்பர் தம் உருவத்தைக் காண்கிறார். காண்பவர் அன்பர், கண்ணாடி எதையும் காண்பதில்லை. மனிதர் எழுதிக் குவித்தவற்றில் பழகிய இயந்திரமும் மனிதரின் சொல்லை மனிதருக்கே திருப்பிக் காட்டுகிறது.

ஆனாலும் அவசரத் தீர்ப்பு ஆகாது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் மானம் உண்டு என்பதை ஆண்டவர்கள் ஏற்கவில்லை. ஏற்காதிருப்பது அவர்களுக்கு ஆதாயமாக இருந்தது. அய்யா அம்மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். பிறருக்கு உள்ளம் இல்லை என்று சொல்வது எவ்வளவு எளிது என்பது அன்புக்கொடி மக்களுக்குத் தெரியும்.

அதற்காகப் பேச்சை அளவுகோலாக்க முடியாது. அய்யா ஆடு, கோழிப் பலியை விலக்கினார். கோழி தனக்காக வாதாடவில்லை. கத்தி பட்டால் துடிக்கிறது, அவ்வளவுதான். இயந்திரம் நோவைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதும். நோவதற்கு அதற்கு உடல் இல்லை. மாமல்லபுரத்துப் பூனைக்காவது பசி என்று ஒன்று உண்டு!

இரவில் கைபேசியிடம் அழுது ஆறுதல் பெற்ற பிள்ளையைக் கடிந்து பயனில்லை. அந்த ஆறுதல் சொற்களும் முன்பு மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதியவைதான். அடுத்த அறையில் தூக்கம் வராமல் படுத்திருந்த தாயிடம் ஏன் அவன் அதைச் சொல்லவில்லை என்பதை அந்த வீட்டார்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.