சமூகத்தின் சம்மதம்

பெண்களுக்கு எதிரான பாகுபாடுகள் அனைத்தையும் ஒழிக்கும் பொருட்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1979-இல் நிறைவேற்றிய உடன்படிக்கையை, 1993-இல் நமது இந்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டபோது, எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரங்களிலும் அச்சமூகமே முன்வந்து சம்மதித்தாலன்றித் தலையிடுவதில்லை என்றொரு பிரகடனத்தையும் உடன் சேர்த்தது. பல சமயத்தார் கூடி வாழும் தேசத்தில் இத்தகைய தயக்கம் பண்புடையதே; அதை நான் குறை கூற மாட்டேன். ஆயினும் சம்மதம் அளிக்க வேண்டிய அந்தச் சமூகம் யார் என்பதை அப்பிரகடனம் சொல்லவில்லை.

முஸ்லிம் சமூகத்தையே எடுத்துக்கொள்வோம். பள்ளிவாசலைச் சார்ந்த ஊர்ச் சபையாகிய ஜமாஅத்தில் ஒரு பெண்ணின் விவாக வழக்கு விசாரிக்கப்படும்போது, அவள் அங்கே அமர இடமின்றி, அவள் சார்பில் தகப்பனோ சகோதரனோ பேசுவதே பல ஊர்களில் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. மறுமையிலோ ஒவ்வோர் ஆத்மாவும் தன் கணக்கைத் தானே ஒப்புவிக்க வேண்டும் என்பதும், உற்றாருக்கு விரோதமாக நேரினும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பதும் இஸ்லாத்தின் போதனைகள். இறைவன் சந்நிதியில் தனித்து நிற்கக் கடமைப்பட்டவள், மனிதர் சபையில் மட்டும் தனக்காகத் தானே பேசத் தகுதியற்றவளாவது எங்ஙனம்? புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் முதலான பெண்கள் கூடித் தமக்கென ஒரு ஜமாஅத்தை அமைத்து, தலாக் என்னும் மணவிலக்குச் சொல்லிக் கைவிடப்பட்டவர்களின் மனுக்களைக் கேட்டு, கணவன்மாரை அழைத்து விசாரித்து, வேண்டியபோது காவல் நிலையப் படியும் ஏறியதை, சமயத்துக்குப் புறம்பான கலகமென்று சொல்வதற்கில்லை. சமயம் விதித்த சாட்சியக் கடமையையே அவர்கள் நிறைவேற்றினார்கள்.

உடன்படிக்கையை ஏற்ற அரசுகள் தம் நடத்தையைக் குறித்துத் தாமே எழுதும் அறிக்கைகளை 23 நிபுணர் கொண்ட குழு பரிசீலிக்கும்போது, பல மதங்களையும் மாநிலங்களையும் சேர்ந்த பெண்கள் அமைப்புகள் ஒன்றுகூடி மாற்று அறிக்கை அளிப்பதும் அத்தகைய சாட்சியமே. இவ்வமைப்புகளுக்குள் கருத்து வேற்றுமை சிறிதல்ல. பொது சிவில் சட்டம் வேண்டுமா, அந்தந்தச் சமயச் சட்டத்தை உள்ளிருந்தே திருத்துவதா என்பதில் அவர்கள் பல ஆண்டுகளாகக் கடுமையாக வாதிட்டு வருகிறார்கள். பரிகாரம் எதுவென்பதில் பிரிந்து நிற்பவர்களும், நடந்தது இதுவென்று பதிவு செய்வதில் ஒன்றுபட முடிவதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில் தீர்ப்புக்கு முன்னதாக நிற்க வேண்டியது சாட்சியமே.

இந்தியாவின் முதல் அறிக்கையை 2000-ஆம் ஆண்டில் பரிசீலித்த அக்குழு, மேற்படி பிரகடனத்தைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொண்டது. பின்னர், முஸ்லிம் பெண்களும் அவர்களது அமைப்புகளும் உச்ச நீதிமன்றத்தை நாடியதன் பயனாக, ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2017 ஆகஸ்ட் 22 அன்று செல்லாததாயிற்று. சமூகம் முன்வரட்டும் என்று அரசாங்கம் காத்திருந்தது மெய்யானால், சமூகத்தின் சரிபாதி முன்வந்துவிட்டது. பிரகடனமோ இன்றும் திரும்பப் பெறப்படவில்லை. அதைத் திரும்பப் பெறுவதே நியாயம்.