வெரோனாப் பேராலய நூலகமும் காத்தலின் அறமும்

ஒரு சமய நிறுவனம் தான் உடன்படாத நூல்களையும் தன் கூரையின் கீழ் வைத்துக் காக்கும்போது, அந்தக் காவல் அதன் நம்பிக்கையிலிருந்தே பிறக்கிறதா, அல்லது நம்பிக்கையோடு தொடர்பில்லாமல் தற்செயலாக நிகழ்கிறதா என்ற கேள்வியை, வட இத்தாலியின் வெரோனா நகரப் பேராலயத்தை ஒட்டியுள்ள கபித்தோலாரே நூலகத்தைப் போலக் கூர்மையாக எழுப்பும் இடங்கள் மிகச் சில. ஆயரின் தலைமைக் கோவிலில் வழிபாட்டையும் நிர்வாகத்தையும் நடத்தும் குருக்கள் குழுவுக்கு உரிய நூலகம் அது. அங்கே வாசகராக, அதாவது வழிபாட்டில் மறைநூலை உரக்கப் படிக்கும் பணியாளராக இருந்த உர்சிசீனுஸ் என்பவர், புனித மார்ட்டினின் வரலாற்றைக் கொண்ட ஏட்டைப் படியெடுத்து முடித்து, 517ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாளுக்குரிய குறிப்பைத் தம் பெயருடன் அதில் பதித்துவைத்தார். நூலகத்தின் தொன்மைக்கு அக்குறிப்பே முதற்சான்றாகக் கொள்ளப்படுகிறது. குருக்களைப் பயிற்றுவிக்கவும் வழிபாட்டுக்கு வேண்டிய நூல்களை ஆக்கவும் தோன்றிய அவ்விடத்தில், உலக அறிவு அனைத்தையும் திரட்டிவைக்கும் நோக்கம் தொடக்கத்தில் இருந்ததாகக் கருத இடமில்லை.

ஆயினும் 1816ஆம் ஆண்டு, பிரஷ்ய அரசின் தூதராக ரோமுக்குச் சென்றுகொண்டிருந்த வரலாற்றறிஞர் நீபூர் வெரோனாவில் தங்கியபோது, புனித எரோணிமுஸின் கடிதங்கள் எழுதப்பட்ட ஒரு தோலேட்டின் அடியில் வேறோர் எழுத்து மங்கித் தெரிவதைக் கண்டார். அது இரண்டாம் நூற்றாண்டின் ரோமச் சட்ட அறிஞர் காயுஸ் மாணவர்களுக்காக இயற்றிய சட்டப் பாடநூல் என்பதைச் சாவின்யி என்னும் சட்டவியலாளர் உணர்ந்து சொன்னார். ஆட்டுத்தோலையோ கன்றுத்தோலையோ பதப்படுத்திச் செய்யும் ஏடு விலையுயர்ந்தது என்பதால், பழைய எழுத்தைக் கழுவியோ சுரண்டியோ நீக்கிவிட்டு அதன்மேல் புதியதை எழுதுவது அக்காலத்து வழக்கம். அவ்வாறு மறைந்துபோன காயுஸின் நூல், ஏறத்தாழ முழு வடிவில் இந்த ஒரே ஏட்டின் வழியாகத்தான் பிற்காலத்துக்குக் கிடைத்துள்ளது.

சமயம் அறிவை அழித்தது என்று தீர்ப்புக் கூற இது எளிதான சான்று போலத் தோன்றும். ஆனால் அத்தீர்ப்பு அவசரமானது. பேரரசர் ஜஸ்டீனியன் 533இல் வெளியிட்ட சட்டப் பாடநூல் காயுஸின் நூலையே அடிப்படையாகக் கொண்டு எழுந்து அதன் இடத்தையும் பிடித்துக்கொண்டமையால், சுரண்டியவரின் கண்ணுக்கு அது வழக்கொழிந்த பழைய பாடநூலாகவே பட்டிருக்கும். பகைமை அங்கே தேவைப்படவில்லை. சமயமே அறிவைக் காத்தது என்னும் எதிர்த் தீர்ப்பும் இதே காரணத்தால் நிற்காது. செயலின் அறமதிப்பு, விளைவில் அன்றி, செய்பவரின் உள்நோக்கத்திலேயே உள்ளது என்று பன்னிரண்டாம் நூற்றாண்டின் மெய்யியலாளர் அபெலார் வாதிட்டார். அந்த அளவையைக் கொண்டு பார்த்தால், காயுஸை அழிக்கவேண்டும் என்றோ காக்கவேண்டும் என்றோ எண்ணாத அந்த எழுத்தருக்குப் பழியும் இல்லை, புண்ணியமும் இல்லை. ஆகவே அறம் இங்கே எங்காவது இருக்குமாயின், அதை அந்த ஒருவரின் மனத்தில் தேடாமல், ஏட்டைத் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாது வைத்திருந்த குழுவின் வழக்கத்தில்தான் தேடவேண்டும்.

திருச்சபையின் சிந்தனையில் இவ்வழக்கத்துக்கு அடிப்படையாகக் காட்டப்படுவது பெரும்பாலும் புனித அகுஸ்தீனின் ஒரு கருத்து: எகிப்தைவிட்டு வெளியேறிய இஸ்ரயேலர் அந்நாட்டாரின் பொன்னை எடுத்துச் சென்றது போல, கிறித்தவர்கள் பிறர் நூல்களிலுள்ள உண்மைகளை எடுத்து நல்வழியில் பயன்படுத்தலாம் என்பது. பெருந்தன்மையாகத் தோன்றும் இக்கருத்து உண்மையில் குறுகலானது. பொன்னை எடுத்துக்கொள்பவன் மண்ணை விட்டுவிடுவான், எது பொன் என்று முடிவுசெய்பவனும் அவனே. இந்த விதிப்படி காயுஸின் நூல் கழிக்கப்படவேண்டிய ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கும்.

இதைவிட உறுதியான அடிப்படை மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் உள்ளது. கோதுமை வயலில் முளைத்த களையைப் பிடுங்க விரும்பிய வேலையாட்களிடம், கோதுமையும் சேர்ந்து பிடுங்கப்பட்டுவிடும் என்பதால் அறுவடைவரை இரண்டையும் வளரவிடுமாறு வீட்டுத்தலைவர் சொல்கிறார். பிரிக்கும் உரிமை மனிதருக்குரியதன்று என்னும் இவ்வெண்ணத்தோடு இசைந்தே, விண்ணக நகரும் மண்ணக நகரும் இவ்வுலகில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன என்று அகுஸ்தீன் தம் ‘இறைவனின் நகரம்’ நூலின் பதினோராம் பகுதித் தொடக்கத்தில் எழுதினார். அப்பகுதியையும் அடுத்துவரும் பகுதிகள் சிலவற்றையும் கொண்ட ஐந்தாம் நூற்றாண்டு ஏடு, அகுஸ்தீன் உயிரோடிருந்த காலத்திலேயே எழுதப்பட்டிருக்கக்கூடிய அளவு பழமையானது; அது இதே வெரோனா நூலகத்தில்தான் இருக்கிறது.

உவமை மாந்தரைப் பற்றியது, நூல்களைப் பற்றியதன்று என்று மறுக்கலாம். தொனாத்தியர் என்னும் பிரிவினரை அரசின் வலிமையால் திருச்சபைக்குள் கொணர்வதற்கு அகுஸ்தீனே ஒப்புதல் அளித்தார் என்பதையும் எடுத்துக்காட்டலாம். இரண்டாவது மறுப்பு கனமானது. தாம் கண்ட உண்மையின் முழு நீளத்துக்கும் அகுஸ்தீன் நடந்துசெல்லவில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. முதல் மறுப்புக்கு வலுக் குறைவு. மனிதரின் உள்ளத்தை அறிய முடியாமையே அவரைத் தீர்ப்பிடாதிருக்கக் காரணம் என்றால், ஒரு நூல் இனி யாருக்கு என்னவாகப்போகிறது என்பதை அறிய முடியாமையும் அதே அளவுக்குக் காரணமாகும்.

காயுஸ் நூலின் மதிப்பை அறிந்தவர்களே அதற்குச் செய்த தீங்கு, காவலை மதிப்பீட்டின்மேல் கட்டலாகாது என்பதற்குத் துணைச்சான்று. மங்கிய எழுத்தைத் தெளிவாக்க நீபூர் மாசிக்காய்ச் சாற்றைத் தடவினார். பின்வந்தவர்கள் அதனினும் கடுமையான வேதிக் கரைசல்களைப் பயன்படுத்தினர். சில நாள் தெளிந்த எழுத்து பின்னர் நிரந்தரமாகக் கறுத்தது. எழுத்தரின் கத்தி விட்டுவைத்ததைப் படிப்பாளியின் ஆர்வம் கெடுத்தது என்பது வேதனைக்குரியது. மதிப்பை அறிவது வேறு, காப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்வு அந்நூலகத்தின் வரலாற்றில் இல்லை.

காவலும் குறையற்றதாக இருந்ததில்லை. 1630ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தையொட்டி ஓர் அலமாரியின் உச்சியில் வைக்கப்பட்ட ஏடுகள் மறக்கப்பட்டு, 1712இல் ஷிப்பியோனே மாஃபேயி என்னும் அறிஞரின் தூண்டுதலால் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. 1945 ஜனவரி 4ஆம் நாள் நிகழ்ந்த குண்டுவீச்சில் நூலகக் கட்டடம் இடிந்தபோதோ, கையெழுத்து ஏடுகள் முன்பே வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தன.

அவற்றுள் ஸ்பெயினின் பழைய வழிபாட்டு முறைக்குரிய மன்றாட்டு நூல் ஒன்றும் உண்டு. வெரோனாவின் வழிபாடு வேறு முறையைச் சார்ந்தது என்பதால் அங்கே பீடத்தின்முன் வைத்துப் படிக்க அது உதவாது. 1924இல் அதன் ஏடொன்றின் ஓரத்தில் ஸ்கியாப்பரெல்லி என்னும் அறிஞர் கண்ட சில வரிகள், எழுதுவதை உழவாகக் காட்டும் ஒரு விடுகதை. லத்தீனிலிருந்து இத்தாலியம் பிரிந்துவரும் நிலையைக் காட்டும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக மொழியறிஞர்கள் அதை மதிக்கிறார்கள். எகிப்தின் பொன் என்னும் அளவைக்கு உட்படுத்தியிருந்தால், அந்நூலுக்கு வெரோனாவில் இடமே கிடைத்திருக்காது.