பறக்கும் நினைவு

நினைவுச் சின்னம் என்றதும் கல்லையும் சிலையையும் பூட்டிய கண்ணாடிப் பேழையையுமே நாம் எண்ணுகிறோம். மாண்டவர் அசைவற்றுப் போனார் என்பதனால் அவர் நினைவும் அசைவற்றுக் கிடக்க வேண்டுமா?

இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில், ஓல்ட் வார்டன் என்னும் சிற்றூரில், பழைய விமானங்களின் காட்சிசாலை ஒன்றுண்டு. அதற்கு வித்திட்டவர் ரிச்சர்ட் ஷட்டில்வொர்த். 1935இல் டானிங்டன் கார்ப் பந்தயத்தில் வென்றவர். பழம் விமானங்களைத் தேடி வாங்கிச் செப்பனிட்டவர். 1940 ஆகஸ்டில், விமானப்படையின் இரவுப் பயிற்சியில் விமானம் நொறுங்கி மாண்டார். வயது 31.

தாய் டோரதி 1944இல் மகன் நினைவாக அறக்கட்டளை நிறுவினார். விமானக் கலையோடு உழவுக் கல்வியும் அதன் நோக்கமாயிற்று. மகனைப் பறித்த வானத்தை அவர் வெறுத்திருந்தால் யார்தாம் குறை கூறியிருப்பர்?

அங்குள்ள 1909ஆம் ஆண்டின் பிளேரியோ விமானம் பறக்கும் நிலையிலேயே பேணப்படுகிறது. காற்றடங்கிய வேளையில் புல்தரையை விட்டுச் சிறிதே எழும்பி, நேர்க்கோட்டில் சென்று இறங்கும்; அவ்வளவே.

அது நொறுங்கினால் ஈடில்லை. அதற்கு அஞ்சுவோரை நாம் பழியோம். வருங்காலத்தாருக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் பூட்டி வைத்தால் பொருள் மிஞ்சும். அதை இயக்கும் கைத்திறன் ஒரு தலைமுறையில் மாயும். ஆகவே, பொருளை இழக்கத் துணியலாம் என்போம். ஓட்டுபவரின் உயிரை? அங்கேதான் நம் வாதம் தயங்குகிறது. காற்று வீசினால் பிளேரியோவைக் கொட்டகையிலேயே நிறுத்திவிடும் அந்தக் கட்டுப்பாடு மட்டுமே நமக்குச் சற்று ஆறுதல்.