"பார்த்துத் தருகிறேன்"

மின்வேலைக்காரரையோ தையற்காரரையோ அழைக்கும்போது நம்மில் பலர் கூலி பேசுவதில்லை. "செய்யுங்கள், பார்த்துத் தருகிறேன்" என்கிறோம். வேலை முடிந்ததும், "பத்து நிமிட வேலைக்கு இவ்வளவா?" என்று முகம் சுளிக்கிறோம். மார்க்கம் இதை ஏற்குமா?

ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் இதனை எடுத்துப் பேசுகிறார்கள். கூலியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் துணியைத் தைக்கக் கொடுத்தால், தைத்தவருக்குக் கூலியில்லை என்பதே ஷாஃபியீ மத்ஹபின் வலுவான சொல். அதையே தொழிலாகக் கொண்டவருக்கு உண்டு என்ற சொல்லையும் அவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால், "பார்த்துத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டாலோ 'உஜ்ரத்துல் மித்ல்' கடமையாகிவிடும் என்பது மத்ஹபின் சட்டம். அதாவது, அத்தகைய வேலைக்கு அத்தகையவர் பெறும் கூலி. அது நம் மனம் இரங்கிக் கொடுக்கும் தொகையன்று; பத்து நிமிடத்தின் விலையுமன்று. அந்தப் பத்து நிமிடத்தின் பின்னே பல்லாண்டுப் பயிற்சி இருக்கிறது. தொழிலாளிக்கும் இதுவே தராசு. பேசாத கூலிக்கு, நம் அவசரத்தைக் கண்டு வழக்கத்தை மீறிக் கேட்பது அவருக்கும் ஆகாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தமக்கு ஹிஜாமா செய்து இரத்தம் எடுத்த அபூதைபா (ரலி) அவர்களுக்கு ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுக்கச் செய்தார்கள். அத்துடன் அவருடைய எஜமானர்களிடம் சொல்லி, அவர் செலுத்தவேண்டியிருந்த வரியையும் குறைக்கச் செய்தார்கள். சிறுபொழுது வேலைக்கு எத்தனை பெரிய மதிப்பு!

ஆகவே கூலியை முதலில் பேசுவோம். வியர்வை உலருமுன் கொடுப்போம். பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக மறுமையில் நிற்பதைவிட்டும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.