போ றோட் தாண்டிய பிறகு

மாலை ஆறு மணி. கொழும்பில் பொரளைச் சந்தியில், வெள்ளவத்தைக்குப் போகும் 154 பஸ்ஸுக்காக நிற்கிறேன். போன் அடிக்கிறது. லண்டனில் இருந்து அக்கா.

“போ றோட் தாண்டியாச்சு. இனிச் சொல்லு.”

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் அந்த இடத்தில்தான் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வருகிறது. அதற்கு முன் எடுத்தால் குரல் அறுந்து அறுந்து போகும். ஈஸ்ட் ஹாமில் அவள் இறங்கும்வரை பத்துப் பன்னிரண்டு நிமிடம் எங்களுக்கு.

*

உலகின் முதல் நிலக்கீழ் ரயில் 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே ஓடியது. தெருவைத் தோண்டித் தண்டவாளம் போட்டு, மேலே மூடினார்கள். இழுத்தது நீராவி எஞ்சின். சனம் புகையை விழுங்கிக்கொண்டு போனது. இன்று லண்டன் தடங்களில் பாதிக்கு மேல் வெட்டவெளியில் கிடக்கின்றன. பெயரில்தான் நிலக்கீழ்.

*

பாரிஸில் சித்தப்பா சாமான் வாங்க லா சப்பலுக்குப் போவார். மெட்ரோவின் 2ஆம் தடம் அங்கே தூண்களில் ஏறிவிடுகிறது. பெரிய ரயில்களின் தண்டவாளங்கள் குறுக்கே கிடந்ததால், அவற்றுக்கு மேலால் பாலம் கட்டினார்கள். படியால் இறங்கினால் முருங்கைக்காய்ப் பெட்டி, கறிவேப்பிலைக் கட்டு, தமிழில் பெயர்ப்பலகை.

எங்கள் ஆட்கள் இறங்கும் இரண்டு இடத்திலும் சுரங்கம் இல்லை. இதை நான் கவனித்தது அண்மையில்தான்.

*

1983 ஜூலை 24 இரவு தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டது இந்தச் சந்திக்குப் பக்கத்தில், கனத்தை மயானத்தில். அக்கா ஒரு பையோடு போனாள். பிறகு சித்தப்பா. அவர்கள் பழகிக்கொண்ட சுரங்கங்களுக்கெல்லாம் வாசல் இங்கேதான் இருக்கிறது என்று இந்தத் தரிப்பிடத்தில் நிற்கும்போது தோன்றும்.

*

பொரளைக்கும் ஒரு தடம் வர இருந்தது. மாலபேயில் இருந்து கோட்டை வரை 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள், ஜப்பானியக் கடன். அதுவும் தூண்கள்மேல் ஓடும் இலகு ரயில்தான். 2019இல் கடன் ஒப்பந்தம். 2020 செப்டெம்பரில் அரசாங்கம் வேண்டாம் என்றது. பொரளையின் கோட்டா வீதி நிலையத்தில் களனிவெளிக் கோச்சி மட்டும் பழையபடி தரையோடு போய்வருகிறது.

*

“ஈஸ்ட் ஹாம் வந்திட்டுது, வைக்கிறன்” என்றாள் அக்கா.

154 இன்னும் வரவில்லை.